கும்பிடுபுல்லும் காசித்தும்பையும்

கரட்டுப்பேட்டை நகராட்சிப் பூங்காவில் புல் ஆளைப் பார்த்து வணங்க ஆரம்பித்தது ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, சந்தை நாள், காலை பதினோரு மணிக்கு. அன்றைக்குக் காற்று இல்லை, தூறல் இல்லை, நூல் மில் புகைகூட நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட வேளையில் நகர்மன்றத் தலைவர் பொன்னுரங்கம் புதுக் கழிப்பறையைத் திறந்துவைக்க வந்து, காரைவிட்டு இறங்கி, வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு நடைபாதையில் கால் வைக்க, இடது பக்கம் நட்டிருந்த அலங்காரப் புல், முதல் தூரிலிருந்து நாற்பத்திரண்டாவது தூர் வரைக்கும் ஒவ்வொன்றாகத் தலையைத் தாழ்த்தி, அவர் கடந்த பிறகு ஒவ்வொன்றாக நிமிர்ந்தது. பார்த்தவர்கள் பதினேழு பேர். ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. "மரியாதை தெரிஞ்ச புல்லு" என்றார் கடலை விற்கிறவர். மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். தலைவர் வலது கையை லேசாகத் தூக்கிப் புல்லுக்குப் பதில் வணக்கம் வைத்துவிட்டுக் கழிப்பறைக்கு நாடா வெட்டப் போனார்.

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. புல்மேல் இல்லை, அது வாயில்லாத ஜென்மம். அந்தப் பதினேழு பேர்மேல்தான் ஆத்திரம், அந்தப் பதினேழில் நானும் ஒருத்தன்.

நான் நகராட்சி அலுவலக வாசலில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி மடக்கு மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறவன். குடிநீர் இணைப்பு, பெயர் மாற்றம், தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு என்று இருபத்தாறு வருஷமாக இந்த ஊரின் குறைகளெல்லாம் என் கையெழுத்தில்தான் உள்ளே போகின்றன. ஒரு பதிலும் வருவதில்லை என்பது வேறு விஷயம். பூங்கா எதிரிலேயே இருப்பதால் நடந்தது அத்தனையும் என் கண்ணால் கண்டது.

நடைபாதைக்கு இடது பக்கம் புல் என்றால், வலது பக்கம் காசித்தும்பை. இரண்டையும் நட்டவள் ஒருத்திதான், பூங்காவின் தோட்டக்காரி மாராத்தாள். புல் பெங்களூர் நர்சரியிலிருந்து லாரியில் வந்தது. கொண்டுவந்தவர் அதற்கு ஃபவுண்டன் கிராஸ் என்று பேர் சொல்லி, ஒரு தடவை வைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மெல்லிய இலை, நுனியில் அணில் வால் போலக் கதிர், வாசனை கிடையாது, ஆடு வந்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். காசித்தும்பை எங்கிருந்தும் வரவில்லை. பழைய மாத்திரை டப்பாவில் மாராத்தாள் எடுத்து வைத்திருந்த விதையை ஆடியில் தூவுவாள், ஆவணியில் சிவப்பும் ரோசும் வெள்ளையுமாகத் தண்டைச் சுற்றிப் பூக்கும், புரட்டாசியில் காய் முற்றும், ஐப்பசி கடைசியில் செடி தானாகவே காய்ந்துவிடும். மொத்தம் நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பெண்பிள்ளைகள் அந்தப் பாத்தியைத் தாண்டிப் போகமாட்டார்கள். பூவை நகத்தில் ஒட்டிக்கொள்வார்கள், முற்றிய காயைத் தொட்டு வெடிக்கவைத்துச் சிரிப்பார்கள்.

மாராத்தாளையும் நகராட்சி அப்படித்தான் வைத்திருந்தது. ஆடியில் தினக்கூலிக்கு எடுப்பார்கள், பூ முடிந்ததும் கார்த்திகையில் நிறுத்துவார்கள். மறுபடி வெயில் காலத்துக்கு முன்னால் புல்லைக் கவனிக்க இரண்டு மாதம் கூப்பிடுவார்கள், மறுபடி நிறுத்துவார்கள். தொடர்ந்து வேலை பார்த்தாள் என்று ஏடு சொல்லிவிடக் கூடாதாம். பதினாலு வருஷம் இப்படியே நட்டுப் பிடுங்கி நட்டுப் பிடுங்கி, கடைசியில் அவளுடைய பணி நிரந்தரக் கோப்பு எல்லா மேசையும் தாண்டித் தலைவர் மேசைக்கு வந்து, அவருடைய ஒரு கையெழுத்துக்காக மட்டும் காத்திருந்தது. புருஷன் இல்லை, மகளுக்குச் சர்க்கரை வியாதி, பத்தொன்பது வயசிலேயே தினமும் ஊசி. நிரந்தரம் ஆனால்தான் மருத்துவக் காப்பீட்டு அட்டை. அந்த மனுவை ஏழு தடவை எழுதியவன் நான்.

இந்த நிலைமையில்தான் புல் வணங்க ஆரம்பித்தது.

ஊர் அதற்குக் கும்பிடுபுல் என்று பேர் வைக்க ஒரு வாரம் ஆகவில்லை. அடுத்த வாரமே ஆளாளுக்கு நடந்து பார்க்க வந்துவிட்டார்கள். அரிசி ஆலைக்காரருக்கு ஒரு சாண் வணங்கியது, வங்கி மேலாளருக்கு எட்டு விரல் வணங்கியது, கலப்பட சிமெண்டு விற்று இரண்டு பாலத்தை விரிசல் விடவைத்த ஒப்பந்தக்காரருக்கு ஒன்றரைச் சாண் வணங்கியது, அவர் அண்ணனுக்கு அவருக்கு அண்ணன் என்பதற்காகவே முக்கால் சாண் வணங்கியது. வாடகைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்த தங்கச் சங்கிலிக்கும் இரண்டு விரல் சேர்த்துக் கொடுத்தது, காரில் வந்தவன் காரை வெளியே விட்டுவிட்டு நடந்து வந்தாலும் சாவிக் கொத்து ஆடுகிற சத்தத்துக்கு நாலு விரல் தாழ்ந்தது. நகராட்சிப் பொறியாளர் ஒரு அளவுப் பலகை அடித்து, விரல், சாண், முழம் என்று கோடு போட்டு, புல்லுக்குப் பின்னால் நட்டுவைத்தார். தலைவருக்கு மட்டும்தான் முழம்.

பெண் வீட்டார் மாப்பிள்ளையைக் கூட்டிவந்து நடைபாதையில் விட்டார்கள். மூன்று விரல்கூட வணங்கவில்லை என்று தட்டாரத் தெருவில் ஒரு கல்யாணம் நின்றுபோனது. பையன் தங்கமான பையன், டிப்ளமா படித்தவன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. "பையன் நல்லவன்தானுங்க, ஆனா புல்லுக்குத் தெரியாததா?" என்றார் பெண்ணின் அப்பா. இந்த ஒரு வாக்கியம்தான் அந்தப் புரட்டாசி முழுக்க ஊரில் அடிபட்டது. கடன் கேட்டுப் போனவனிடம் சொன்னார்கள், சங்கத் தேர்தலில் நின்றவனிடம் சொன்னார்கள், வாடகைக்கு வீடு பார்க்கப் போனவனிடம் சொன்னார்கள். புல்லுக்குத் தெரியாததா?

அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் எலிசம்மா இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர். தலைவரின் இரண்டு பையன்களையும் வெளியே எடுத்துத் தலைகீழாகப் பிடித்து அழவைத்ததும் அவர்தான். பணி முடிந்து பூங்கா வழியாக வீட்டுக்குப் போவது அவர் வழக்கம். அவருக்கு அந்தப் புல் ஒரு விரல் அசையவில்லை. முதல் நாள் அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டதை இரண்டாம் நாள் கவனித்தார். மூன்றாம் நாளிலிருந்து அந்த அம்மாள் மயானச் சாலையைச் சுற்றிக்கொண்டு வெயிலில் அரை மைல் கூடுதலாக நடந்து வீட்டுக்குப் போனார். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். தூ.

எனக்கு எவ்வளவு வணங்கியது என்றும் சொல்லிவிடுகிறேன். வெறுங்கையோடு போனால் எதுவும் இல்லை. ஒரு நாள் தலைவருடைய கோப்பு ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன், ஒரு விரல் தாழ்ந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் என் சம்சாரத்திடம் அதைச் சொன்னேன், சந்தோஷமாகச் சொன்னேன், அவள் கேசரி செய்தாள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

காசித்தும்பை இதில் எதிலும் சேரவில்லை. நேராக நின்றது, பூத்தது, காய்த்தது, அவ்வளவுதான். ஆனால் எதிர்ப்பக்கம் ஒன்று வணங்க ஆரம்பித்துவிட்டால், இந்தப் பக்கம் சும்மா நிற்பதே திமிராகத் தெரியத் தொடங்கிவிடும். "அந்தப் புல்லைப் பாரு, இந்தத் தும்பையைப் பாரு" என்று போகிறவர்களும் வருகிறவர்களும் ஒப்பிட்டுப் பேசினார்கள். அரிசி ஆலைக்காரர் ஒரு நாள் செடியைப் பார்த்து, "ஏன், உனக்குக் குனிய வராதா?" என்று நேராகவே கேட்டார். செடியிடம் கேட்கிறோமே என்ற கூச்சம் அவர் முகத்தில் துளியும் இல்லை.

புரட்டாசி கடைசி வாரத்தில் பக்கத்து நகராட்சித் தலைவர்கள் நாலு பேரை அழைத்துவந்து பொன்னுரங்கம் தன் புல்லைக் காட்டினார். புல் முழுசாக ஒரு முழம் வணங்கியது. வந்தவர்கள் அசந்துபோனார்கள். அந்த மிதப்பில் அவர் வலது பக்கம் குனிந்து, தும்பைச் செடியில் உப்பி நின்ற ஒரு காயை விரலால் நிமிண்டினார். காய் பட்டென்று வெடித்து, விதை அத்தனையும் மூக்குக் கண்ணாடியில் தெறித்தது, தோல் சுருண்டு மீசையில் ஒட்டிக்கொண்டது. வந்தவர்களில் ஒருத்தர் சிரித்துவிட்டார். ஒருத்தர் சிரித்ததும் நாலு பேரும் சிரித்துவிட்டார்கள்.

"என்னம்மா இது?" என்றார் தலைவர், கண்ணாடியைக் கழற்றியபடி.

மாராத்தாள் ரப்பர் குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "காசித்தும்பைங்க. காய் முத்திருச்சுங்க. முத்தின காயைத் தொட்டா வெடிக்குமுங்க, அதுதான் அதுக்கு விதைக்கிற வழிங்க."

"நான் யாருன்னு தெரியுமில்ல?"

"எனக்குத் தெரியுமுங்க. அதுக்கு எப்படீங்க தெரியும்? யார் தொட்டாலும் வெடிக்குமுங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க தொட்டாலும் இதேதானுங்க."

"யார் தொட்டாலும்?"

"ஆமாங்க. யார் தொட்டாலும்."

"அதுதாம்மா தப்பு" என்றார் தலைவர்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டுவிட்டார். பூங்காவில் எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று மன்றத்துக்கு ஓர் ஒப்பீட்டு அறிக்கை வேண்டும், பொறியாளருக்குத் தமிழ் சரியாக வராது, நீங்கள் எழுதுங்கள் என்றார். எழுதினேன். நல்ல வெள்ளைத் தாளில், கோடு போட்டு, இடது பக்கம் புல், வலது பக்கம் தும்பை. ஆயுள், புல்லுக்குப் பல்லாண்டு, தும்பைக்கு நான்கு மாதம். பூ, புல்லுக்கு ஆண்டு முழுவதும் கதிர், தும்பைக்கு ஒரு பருவம் மட்டும். தண்ணீர், புல்லுக்குக் குறைவு, தும்பைக்கு அதிகம். ஆள், புல்லுக்குத் தேவையில்லை, தும்பைக்குத் தோட்டக்காரர் ஒருவர். மரியாதை, புல்லுக்கு உண்டு, தும்பைக்கு இல்லை. அந்தக் கடைசி வரியை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. நின்றதே தவிர எழுதாமல் விடவில்லை. கீழே தேதி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மன்றம் கூடுவதற்கு முன்னால் மாராத்தாளுடைய கோப்பையும் முடித்துவிடலாம் என்று தலைவருக்குத் தோன்றியது. அவளைப் பூங்காவுக்கு வரச்சொன்னார். கவுன்சிலர்கள் வந்தார்கள், பொறியாளர் நோட்டோடு வந்தார், பெஞ்சுகள் நிறைந்தன.

"மாராத்தா, உன் நிரந்தர பைலு என் மேசையிலதான் இருக்கு. நான் கையெழுத்துப் போட்டா ஒருதலைப்பட்சம்பாங்க, போடாட்டியும் ஒருதலைப்பட்சம்பாங்க. அதனால புல்லே சொல்லட்டும். நடந்து வா."

"நான் தெனமும் இதுலதானுங்களே நடக்கறேன்."

"இன்னைக்கு அளவுப் பலகையோட நட."

அவள் நடந்தாள். செருப்பில்லாத கால், முழங்கைவரை மண். அந்தப் புல் தினமும் குடித்தது அவள் விட்ட தண்ணீர், அது நின்றது அவள் தோண்டிய குழியில், போன மாசியில் அதை ஒரு சாணுக்கு வெட்டிவிட்டு மறுபடி தழைக்கவைத்ததும் அவள்தான். நாற்பத்திரண்டு தூரும் ஆணி அடித்தாற்போல நின்றன. போகிற வழியில், ஒன்பதாவது தூரின் அடியில் ஒரு கோரை முளைத்திருப்பது அவள் கண்ணில் பட்டுவிட்டது. பழக்கதோஷத்தில் குனிந்து அதைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். "புல்லு எங்க வணங்குது, இவதான் புல்லுக்கு வணங்கறா!" பொறியாளர் நோட்டில் பூஜ்யம் என்று எழுதினார்.

அவள் மறுமுனைக்குப் போய்த் திரும்பி நின்று, "என்ன தலைவரே, முடிஞ்சுதுங்களா? மோட்டாரைப் போட்டுட்டு வந்தேன்" என்றாள். கோப்பு அன்றைக்கே நிராகரிக்கப்பட்டது.

அடுத்த திங்கட்கிழமை மன்றம் கூடி, என் அறிக்கையை வாசித்து, ஏகமனதாக முடிவெடுத்தது. முழங்கால் உயரச் செடியைப் பிடுங்க மண் அள்ளுகிற எந்திரத்தைக் கொண்டுவந்தார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இன்னும் இருபது நாளில் தானாகக் காய்ந்து விழப்போகிற செடி அது. "அதுவே போயிருமுங்களே, அதுக்கு எதுக்குங்க வண்டி" என்று மாராத்தாள் ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டே நின்றாள். பூவும் காயும் மண்ணுமாக அள்ளி லாரியில் கொட்டிக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த இடத்தில் சிமெண்டுக் கல் பதித்துத் தலைவருக்கு ஒரு பெஞ்சு போட்டார்கள். புல்லுக்கு ஆள் தேவையில்லை என்று அறிக்கையே சொல்வதால், மாராத்தாளை இனிமேல் எந்தப் பருவத்துக்கும் கூப்பிட வேண்டாம் என்று இரண்டாவது தீர்மானம்.

அவள் நேராக என் மேசைக்கு வந்தாள். நான் பேனாவுக்கு மூடி தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"ஏனுங்ண்ணா, அந்த அறிக்கையை நீங்கதான் எழுதுனீங்களாமா?"

"ஆமா மாராத்தா."

"நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காங்க. படிச்சேன். எழுத்து முத்து முத்தா இருந்துச்சுங்ண்ணா." கேலி இல்லை அவள் குரலில், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஆனா ஒண்ணை விட்டுப்போட்டீங்க. மாசி பொறந்ததும் அந்தப் புல்லை ஒரு சாணு விட்டு மொத்தமா வெட்டோணும். வெட்டுனாத்தான் புதுசா வரும். வெட்டாம விட்டா நடுவாலிருந்து செத்துக்கிட்டே வரும். ஆள் வேண்டாம்னு எழுதிட்டீங்க, அதையாவது ஒரு வரி சேத்து எழுதிக் குடுத்துருங்ண்ணா. அது என்ன பண்ணுச்சு பாவம்."

அந்த வரியை எழுதிக்கொண்டு தலைவரிடம் போனேன். படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெட்டறதா? எனக்கு வணங்கற தலையையா?" அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் வந்தது: கும்பிடுபுல்லுக்குப் பத்தடி தூரத்துக்குள் கத்தி, அரிவாள், கத்தரிக்கோல் எதுவும் கொண்டுபோகக் கூடாது. ஊரும் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டது. புல்மேல் இரும்பை வைத்தவனுக்கு ஏழு தலைமுறைக்கு மதிப்புப் போகும் என்று சந்தையில் பேசினார்கள், இதை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது. செவ்வாய், வெள்ளியில் தூர்களுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், பட்டு நாடா கட்டினார்கள். பூ வெட்டக் கத்தரிக்கோல் வைத்திருந்த பூக்காரி ஒருத்தியைப் பத்தடிக்கு வெளியே தள்ளி உட்காரவைத்தார்கள்.

மாசி வந்தது, போனது. பங்குனியில் புல்லின் நடு பழுப்பானது. முதலில் அதைத் தங்க நிறம் என்றார்கள். பிறகு தூரின் நடுவே கைவிட்டால் பொடிப் பொடியாக உதிர்ந்தது. அதைப் பிரசாதம் என்று பொட்டலம் கட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. வணக்கம் மட்டும் நிற்கவில்லை. ஆனால் குனிந்த தூர் நிமிர நேரம் ஆனது. அரிசி ஆலைக்காரருக்குக் குனிந்தது நிமிர ஒரு நாழிகை, வங்கி மேலாளருக்குக் குனிந்தது நிமிரப் பொழுது சாய்ந்தது. பங்குனி இருபதாம் தேதி காலை, பேருந்து நிலையத்துச் சொறிநாய் ஒன்று நடைபாதையில் சாவகாசமாக நடந்து போக, நாற்பத்திரண்டு தூரும் அதற்கு முழுசாக, தரையோடு தரையாக, தலைவருக்குக்கூட அப்படிக் குனிந்ததில்லை, அப்படி வணங்கிப் படுத்துவிட்டன. அதற்குப் பிறகு எழவே இல்லை.

நாய்க்கு வணங்கியதா, அதற்குச் சற்று முன்னால் போன போலீஸ் ஆய்வாளருக்கு வணங்கியதா என்று இரண்டு நாள் சண்டை போட்டார்கள். நாயைப் பிடித்துக் குளிப்பாட்டி மாலை போட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் தலைவருக்குத் தூக்கம் போய்விட்டது, ஏனென்றால் வைகாசியில் புதுப் பேருந்து நிலையத்தைத் திறந்துவைக்க அமைச்சர் வருகிறார், பூங்கா வழியாக அழைத்துப்போய்ப் புல்லை வணங்கவைக்கிறேன் என்று நேரிலேயே வாக்குக் கொடுத்திருந்தார். நர்சரிக்காரருக்கு போன் போட்டார். அவரும் அதையேதான் சொன்னார்: ஒரு சாணுக்கு வெட்டுங்கள், நாற்பது நாளில் புதுசாக வரும், வெட்டத் தெரிந்த ஆளை வைத்து வெட்டுங்கள், வேர்முடிச்சில் கத்தி பட்டால் அவ்வளவுதான்.

வெட்ட யார் வருவார்கள்? ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருத்தன் அரிவாளோடு வந்தான். அவன் அம்மா பின்னாலேயே ஓடிவந்து, வேண்டாமடா சாமி, மானம் மரியாதை போயிரும் என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதாள், அவன் அரிவாளைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அப்போதுதான் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். யாருக்கு அந்தப் புல் வணங்கவே இல்லையோ, அவர்கள் வெட்டினால் தோஷம் இல்லை. இல்லாத மதிப்பு எங்கே போகும்? எல்லோரும் தலையாட்டினார்கள், சிக்கல் தீர்ந்தது என்று காப்பி குடித்தார்கள். தூய்மைப் பணியாளர்களைக் கேட்டார்கள். "எங்களுக்குப் புல்லு வெட்டத் தெரியாதுங்க" என்று அவர்கள் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். அப்புறம்தான் நோட்டில் பூஜ்யம் போட்டது ஞாபகம் வந்தது.

என்னைத்தான் அனுப்பினார்கள். மாராத்தாள் தக்காளி மண்டியில் அழுகல் பிரித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு ஊசி மருந்து பாதி நாள் கிடைக்கிறது, பாதி நாள் இல்லை என்றாள், நான் கேட்டதால் சொன்னாள். சொல்லியனுப்பியதை அப்படியே சொன்னேன். "உனக்குத்தான் அது வணங்கவே இல்லையே, அதனால உனக்கு ஒண்ணும் ஆகாதுங்கறாங்க."

கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டாள். "அப்படியா சொன்னாங்க?" என்றாள். "சரிங்ண்ணா, வரேன். அதுக்கு முன்னால நீங்க எனக்கு ஒரு தாள் எழுதோணும். எட்டாவது தடவை."

அவள் சொல்லச் சொல்ல மண்டியிலேயே, தக்காளிப் பெட்டிமேல் வைத்து எழுதினேன். மாராத்தாள் என்பவரை நகராட்சித் தோட்டக்காரராக இன்று முதல் நிரந்தரமாக நியமித்து ஒப்புதல் அளிக்கப்படுகிறது. பழைய கோப்பு எண்ணை மேலே போட்டேன், ஏழு தடவை எழுதியதால் மனப்பாடம். இருபத்தாறு வருஷத்தில் நான் உண்மையாக எழுதிய தாள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பூங்காவில் ஊரே நின்றது, பத்தடி தள்ளி. பொன்னுரங்கம் பொறுமை இல்லாமல் தானே பாத்திக்குள் இறங்கி, வேட்டியை மடித்துக்கட்டி, முதல் தூரைக் கட்டிப்பிடித்துத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் சாய்ந்தது. மண்டியிட்டு, இரண்டு கையாலும் அணைத்து, நெற்றி புல்லில் பட, "சணல் கொண்டாங்கடா, கட்டுங்கடா" என்று கத்திக்கொண்டிருந்தார். அரிவாள் வரப்போகிற இடம் என்று பத்தடிக்குள் வர ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

மாராத்தாள் அரிவாளோடு நேராக அவர் முன்னால் போய் நின்றாள். கூட்டத்தில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"வந்துட்டியா மாராத்தா, வெட்டிவிடும்மா" என்றார் தலைவர், கையை எடுக்காமல். "உனக்கு இதுல தோஷம் கிடையாது, கேட்டுட்டேன். சீக்கிரம்."

"தோஷம் இருக்கட்டுமுங்க. புல்லு வெட்டறது தோட்டக்காரி வேலை. நான் இப்போ தக்காளி மண்டியிலதானுங்க இருக்கேன்." என் கையிலிருந்த தாளை வாங்கி, நான் மனு எழுதுகிற பலகையோடு சேர்த்து அவர் முழங்காலுக்கு முன்னால் மண்ணில் வைத்தாள். பேனாவை நானே மூடி கழற்றி நீட்டினேன்.

அவர் தாளைப் படித்தார். கூட்டத்தைப் பார்த்தார். அமைச்சர் வருவதற்கு நாற்பத்தோரு நாள் இருந்தது, அதை அவரும் எண்ணியிருப்பார். "சரி, சரி. வெட்டு. ஆபீஸ்ல வந்து போட்டுத் தரேன்" என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

மாராத்தாள் வழிவிடவில்லை. "ஆபீஸுக்குப் பதினாலு வருசம் வந்தேனுங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. "இங்கயே போடுங்க. போட்டுட்டு நிமிருங்க."

புல்லை விட்டார், அது மடியில் சரிந்தது. மண்டியிட்டபடியே, பலகையின்மேல் நன்றாகக் குனிந்து, அவர் கையெழுத்துப் போட்டார்.